கருவாட்டுக் கடையின் ஆர்டர் கணக்கு தானாக டாஷ்போர்டுக்குப் போன விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, பாக் விரிகுடாக் கரையில் ஒரு மீனவ ஊர். அங்குள்ள பெண்கள் குழு ஒன்று கருவாடு காயவைத்து, பாக்கெட் போட்டு, சொந்த இணையக் கடை வழியாக விற்கிறது. நெத்திலி, சூடை, காரல், வாளை ஆகியவைதான் முக்கியச் சரக்கு. கூடவே முண்டு வற்றலும் உண்டு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் அதைப் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். கடை, வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருள் மேல் ஓடும் வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட ஆர்டர்கள் கேஷ் ஆன் டெலிவரி.

இந்தத் தொழிலின் காலண்டரைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும். ஆனால் வரத்து குறையும், ஏல விலை ஏறும். அப்புறம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மீன் கிடைத்தாலும் காயவைக்க வெயில் இருக்காது. ஆக, தை பிறந்ததிலிருந்து ஏப்ரல் நடுவரைக்கும், தடை முடிந்து செப்டம்பர் வரைக்கும் வாங்கிக் காயவைப்பதுதான் வருடம் முழுக்க விற்பனைக்கு நிற்க வேண்டும். அதிகமாக வாங்கினால் கடன் வாங்கிய பணம் மூட்டையில் முடங்கும், கருவாடு நமத்துப்போகும். குறைவாக வாங்கினால் தடைக்காலத்தில் கடையில் 'ஸ்டாக் இல்லை' என்று போட வேண்டியிருக்கும்.

இவ்வளவு பெரிய முடிவை ஏலம் நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு எடுக்கிறார்கள். அதற்கு ஒத்தாசையாக ஒரு டாஷ்போர்டு (கணக்கை ஒரே திரையில் வரைபடமாகக் காட்டும் பக்கம்) வேண்டும் என்று குழு எங்களிடம் கேட்டது. உண்மையில் டாஷ்போர்டு ஏற்கெனவே ஒன்று இருந்தது. யாரும் அதை நம்பவில்லை, அவ்வளவுதான்.

## தொடக்கத்தில் கண்டவை

நடைமுறை இப்படி இருந்தது. கணக்குப் பார்க்கும் அக்கா மாதம் பிறந்ததும் கடையின் நிர்வாகப் பக்கத்தில் போய், ஒரு எக்ஸ்போர்ட் பிளக்இன் (கடைத் தரவை வெளியே எடுத்துத் தரும் துணை மென்பொருள்) மூலம் முந்தைய மாத ஆர்டர்களை சி.எஸ்.வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக இறக்குவார். எக்செல்லில் திறந்து, தேவையில்லாத பத்திகளை நீக்கி, கூகுள் ஷீட்டில் ஒட்டுவார். அதிலிருந்து லுக்கர் ஸ்டுடியோ என்ற கூகுளின் டாஷ்போர்டுக் கருவியில் வரைபடம் வரும். ஒவ்வொரு மாதமும் தேதியைக் கையால் மாற்ற வேண்டும், பத்திகளை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மாதம் ஒரு பத்தி இடம் மாறினாலும் வரைபடம் உடைந்துபோகும்.

எக்செல்லில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து வந்தன. கோப்பு, தமிழையும் தாங்கும் யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறை வடிவில் சரியாகத்தான் இருந்தது. அதை அடையாளம் காட்டும் முன்குறி இல்லாததால் எக்செல் வேறு வடிவமாக எடுத்துக்கொண்டது. இது சின்னத் தொல்லை. பெரிய சிக்கல்கள் மூன்று.

முதலாவது, ஆர்டர் தொகை பலமுறை எண்ணப்பட்டது. அந்த பிளக்இன் ஒரு ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி போடும். மொத்தத் தொகையை எல்லா வரியிலும் திரும்ப எழுதும். மூன்று பொருள் உள்ள 940 ரூபாய் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வரியிலும் 940 இருக்கும். டாஷ்போர்டு அந்தப் பத்தியைக் கூட்டி 2,820 என்று காட்டும். தனி நெத்திலி பாக்கெட் மட்டும் வாங்கியவரின் தொகை சரியாக வரும். பலதையும் சேர்த்து வாங்கியவரின் தொகை ஊதிப் பெருகும். அதனால் டாஷ்போர்டில் எப்போதும் வற்றலும் வாளையும் ஓகோவென்று விற்பதாகத் தெரிந்தது. அவை பெரும்பாலும் மற்ற பொருளோடு சேர்ந்து போகிறவை.

இரண்டாவது, தேதி. பிளக்இன் ஜி.எம்.டி (கிரீன்விச்) நேரத்தைக் கொடுத்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. ஆக, இங்கே நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5.30 வரை விழும் ஆர்டர்கள் முந்தைய நாளுக்குப் போய்விடும். பல கடைகளுக்கு அது பெரிதாகத் தெரியாது. இந்தக் கரையோரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அவர்கள் வேலை முடிந்து, இரவில் உட்கார்ந்து சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் குடும்பத்துக்காக ஆர்டர் போடுகிறார்கள். மாதக் கடைசி இரவின் ஆர்டர்கள் இந்த மாதமா அடுத்த மாதமா என்பதில் ஒவ்வொரு முறையும் குழப்பம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கனமானது. ஆர்டர் போட்ட நாளோடு அதன் கதை முடிவதில்லை. வூகாமர்ஸில் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் போட்டவுடனேயே 'புராசஸிங்' நிலைக்குப் போகும். பணம் கைக்கு வராத நிலையிலேயே அது விற்பனையாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. கூரியர் வீடு தேடிப் போய், ஆள் இல்லை அல்லது வேண்டாம் என்றால், பார்சல் சுற்றிக்கொண்டு ஊர் திரும்ப இரண்டு வாரம்கூட ஆகும். 28ஆம் தேதி போட்ட ஆர்டர் அடுத்த மாதம் 10ஆம் தேதி ரிட்டன் ஆனால், 1ஆம் தேதி இறக்கிய கோப்பில் அது விற்றதாகவே இருக்கும். பழைய மாதக் கோப்பை யாரும் மறுபடி இறக்குவதில்லை. ஆக டாஷ்போர்டில் இருந்த பணம் வங்கிக் கணக்கில் ஒருபோதும் இருந்ததில்லை. அந்த அக்கா டாஷ்போர்டை நம்பாமல் நோட்டுப் புத்தகத்தையே நம்பியதற்குக் காரணம் இதுதான். அவருடைய உள்ளுணர்வு சரியாகவே இருந்தது.

## முதலில் கேட்ட கேள்வி

எக்ஸ்போர்ட்டைத் தானாக ஓடவைப்பது கடினமான வேலை இல்லை. தவறான கோப்பைத் தினமும் தானாக அனுப்பினால் தவறும் தினமும் தானாக வரும். அதனால் எந்தப் பத்தி வேண்டும் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, இதைப் பார்த்து யார், எப்போது, என்ன முடிவு எடுக்கப்போகிறார்கள் என்று கேட்டோம். அக்கா சொன்ன பதில்:

"ஏலத்துல நிக்கிறப்ப எனக்கு ஒரு கணக்குத் தெரிஞ்சாப் போதும் தம்பி. கையில இருக்கிற நெத்திலி இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? மத்ததெல்லாம் வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம்."

இந்த ஒரு வாக்கியம் வடிவமைப்பைத் தீர்மானித்தது. 'எத்தனை நாளைக்கு வரும்' என்று சொல்ல வேண்டுமானால் ரூபாய்க் கணக்கு உதவாது, கிலோக் கணக்கு வேண்டும். ரிட்டன் கழித்த கிலோ வேண்டும். அதுவும் காலை ஏலத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எங்கே ஓடவைப்பது என்பதில் சில வழிகளைப் பார்த்தோம். குழுவின் அலுவலக மடிக்கணினியில் ஓடவைக்கலாம். ஆனால் அது இரவில் அணைந்திருக்கும், காற்றும் மழையுமாக இருக்கும் நாளில் கரண்டும் இருக்காது. மாதச் சந்தா கட்டும் இணைப்புச் சேவைகள் இருக்கின்றன, வேலையும் சுத்தமாக இருக்கும். ஆனால் விற்பனை சுருங்கும் தடைக்கால மாதங்களிலும் டாலரில் சந்தா கட்ட வேண்டும். குழு அதற்கு ஒப்பவில்லை, நியாயமும்கூட. வேர்ட்பிரஸுக்குள்ளேயே ஒரு காலப்பணி வசதி இருக்கிறது. அது கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை. யாராவது தளத்துக்கு வரும்போதுதான் நேரம் ஆகிவிட்டதா என்று பார்க்கும். அதிகாலையில் ஆள் வராத கடையில் 4.30 மணி வேலை 7 மணிக்கு ஓடும். கடைசியில், தளம் இருக்கும் சர்வரிலேயே உண்மையான கிரான் வேலையாக (கடிகாரப்படி தானாக ஓடும் பணியாக) வைத்தோம். சர்வர் கடிகாரம் யூ.டி.சி-யில் (ஜி.எம்.டி போன்ற அதே நேரம்) இருந்ததால், நம் அதிகாலை 4.30 என்பது அங்கே முந்தைய இரவு 23.00. குழப்பம் வராமலிருக்க இதை அமைப்புக் கோப்பிலேயே தமிழில் எழுதி வைத்தோம்.

எதைக் கேட்டு எடுப்பது என்பது அடுத்தது. 'நேற்று உருவான ஆர்டர்கள்' என்று கேட்கும் பழக்கத்தை விட்டு, 'கடைசியாக ஓடியதற்குப் பிறகு மாறிய ஆர்டர்கள்' என்று கேட்டோம். வூகாமர்ஸ் ஏ.பி.ஐ-யில் (வேறு நிரல்கள் கடையிடம் தரவு கேட்டு வாங்கும் வழி) திருத்திய நேரத்தை வைத்துக் கேட்கும் வசதி இருக்கிறது. பத்து நாள் முந்தைய ஆர்டர் இன்று ரிட்டன் ஆனால் இன்றைய ஓட்டத்தில் அது மறுபடி வரும். வரும்போது ஷீட்டில் புது வரியாகச் சேரக் கூடாது, பழைய வரியின் மேல் எழுத வேண்டும். இதற்காக ஆர்டர் எண்ணையும் பொருள்வரி எண்ணையும் சேர்த்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடையாளச் சாவியாக வைத்தோம். இதனால் ஒரே வேலை இரண்டு முறை ஓடினாலும் கணக்கு மாறாது. இரவில் நெட் அறுந்து பாதியில் நின்றால், காலையில் பயமில்லாமல் மறுபடி ஓட்டலாம்.

நேரத்தில் கொஞ்சம் அதிகப்படியாகவே எடுத்தோம்: கடைசி ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்பிருந்து. சாவி இருப்பதால் திரும்ப வருவதில் கெடுதல் இல்லை. இது போக ஞாயிறுதோறும் 60 நாள் ஆர்டர்களை முழுசாக எடுத்து ஒப்பிடும் ஓட்டம் ஒன்று. காரணம், குப்பைத்தொட்டிக்குத் தள்ளிய ஆர்டர் 'மாறிய ஆர்டர்' பட்டியலில் வராது. வெறுமனே காணாமல் போகும். ஷீட்டில் மட்டும் விற்றதாக உட்கார்ந்திருக்கும். ஞாயிறு ஓட்டம் அப்படிக் காணாமல் போனதைக் குறித்து வைக்கும்.

ஷீட்டை மூன்று அடுக்காகப் பிரித்தோம். முதல் தாள் கடை கொடுத்தது கொடுத்தபடி. அதை யாரும் தொடக் கூடாது. இரண்டாவதில் கிலோவாக மாற்றிய, ரிட்டன் கழித்த கணக்கு. டாஷ்போர்டு இரண்டாவதை மட்டும் பார்க்கும். பத்திப் பெயர்களை மாற்றக் கூடாது, புதிது வேண்டுமானால் கடைசியில்தான் சேர்க்க வேண்டும் என்று விதி. மூன்றாவது ஓட்டப் பதிவு. அது பிறகுதான் சேர்ந்தது, அதைப் பற்றிப் பின்னால்.

கிலோக் கணக்குக்குப் பொருள் குறியீடு தேவைப்பட்டது. 'நெத்திலி கருவாடு 250 கிராம்', 'நெத்திலி கால் கிலோ', 'சுத்தம் செய்த நெத்திலி' என்று காலப்போக்கில் பெயர் மாறிக்கொண்டே வந்திருந்தது. ஒவ்வொரு வகைக்கும் எடைக்கும் ஒரு எஸ்.கே.யூ குறியீடு கொடுத்து, குறியீடு, மீன், கிராம் என்று மூன்று பத்தியில் தனிப் பட்டியல் போட்டோம். காம்போ பாக்கெட்டுகளுக்கு இன்னொரு பட்டியல்: ஒரு காம்போவுக்குள் எந்த மீன் எத்தனை கிராம். இந்த வேலையில்தான் அதிக நேரம் போனது. பழைய ஆர்டர்களைப் பிரித்துச் சொல்ல பாக்கெட் போடும் பெண்களைத் தவிர வேறு யாராலும் முடிந்திருக்காது.

வாடிக்கையாளர் விவரத்தில் கறாராக இருந்தோம். ஏ.பி.ஐ-க்குள் நுழையும் ரகசியச் சாவியை வாசிக்க மட்டும் அனுமதி உள்ளதாக எடுத்தோம். பெயர், தொலைபேசி எண், முகவரி மூன்றையும் சர்வரிலேயே கழற்றிவிட்டோம். அவை ஷீட்டுக்கு வருவதே இல்லை. அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கம் மட்டும் வரும். எந்த வட்டாரத்துக்குச் சரக்கு போகிறது என்று தெரிய அதுவே போதும். ராமநாதபுரம் பக்கம் என்றால் 623. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டம் வந்திருக்கிறது என்பது ஒரு காரணம். சட்டம் இல்லாவிட்டாலும், பலர் கையில் புழங்கும் ஒரு ஷீட்டில் ஊர்ப்பட்ட பேரின் போன் நம்பர் கிடப்பது எனக்கு ஒப்பாது.

## ஓடத் தொடங்கிய பிறகு

முதல் ஓட்டத்தின் எண்ணிக்கையைக் கடையின் நிர்வாகப் பக்கத்தோடு ஒப்பிட்டபோது மிகக் குறைவாக வந்தது. ஏ.பி.ஐ ஒரு பக்கத்துக்கு வழக்கமாக 10 ஆர்டர்தான் தரும். கேட்டால் அதிகபட்சம் 100. மீதியை அடுத்தடுத்த பக்கமாகக் கேட்டு வாங்க வேண்டும். அதைச் சரிசெய்ததும் எண்ணிக்கை பொருந்தியது.

எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் போதாது என்று, முடிந்துபோன ஒரு மாதத்தை எடுத்து, பேமென்ட் கேட்வேயிலிருந்தும் (இணையத்தில் பணம் வசூலிக்கும் சேவை) கூரியரிடமிருந்தும் வங்கிக்கு வந்த தொகையோடு டாஷ்போர்டு தொகையை வரிவரியாக ஒத்துப் பார்த்தோம். வித்தியாசம் எஞ்சியது. தோண்டியதில், பாதிப் பணம் திருப்பித் தந்த ஆர்டர்கள் அவை. முழுப் பணமும் திருப்பினால் ஆர்டரின் நிலை 'ரீஃபண்டட்' என்று மாறும். ஒரு பாக்கெட்டுக்கு மட்டும் திருப்பினால் நிலை மாறாமல் 'கம்ப்ளீட்டட்' என்றே இருக்கும்; திருப்பிய தொகை தனிப் பதிவாக இருக்கும். அந்தப் பதிவையும் சேர்த்து எடுக்கச் செய்தோம்.

இந்த ஒப்பிடுதலை அக்காவோடு உட்கார்ந்து செய்தது நல்லதாகப் போயிற்று. நோட்டும் டாஷ்போர்டும் ஒத்துப்போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் காலையில் போனைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்.

மார்ச் கடைசியில் முதல் பெரிய முடிவு வந்தது. கடந்த நான்கு முழு வாரங்களின் நிகர கிலோவை எடுத்து, இருப்பை அதனால் வகுத்து, தடைக்காலம் முடியும் வரை எது நிற்கும், எது தீரும் என்று பார்த்தார்கள். பழைய டாஷ்போர்டு தூக்கிக் காட்டிய வாளை தேவைக்கு மேல் இருந்தது. நெத்திலி பாதிவழியில் தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. கையிலிருந்த பணத்தை நெத்திலிப் பக்கம் திருப்பினார்கள்.

## தடைக்காலத்தில் வந்த சிக்கல்

மே மாதத்தில் சில வகைகளைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சில நாட்களில் ஆர்டரே இல்லை. டாஷ்போர்டில் விற்பனை பூஜ்யம். இந்த நேரத்தில் தளத்தின் பாதுகாப்பு அமைப்பை யாரோ மாற்றியதில் ஏ.பி.ஐ சாவி செல்லாமல் போனது. டாஷ்போர்டில் அதுவும் பூஜ்யமாகவே தெரிந்தது. விற்பனை இல்லாததற்கும் எக்ஸ்போர்ட் செத்துப்போனதற்கும் பார்வைக்கு எந்த வேறுபாடும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் 'என் ஆர்டர் என்னாச்சு' என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

ஓட்டப் பதிவுத் தாள் வந்தது அதன் பிறகு. ஒவ்வொரு முறை ஓடும்போதும், ஒரு ஆர்டர்கூட வராவிட்டாலும், ஒரு வரி எழுதும்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வாசித்த ஆர்டர், மாறிய வரி, பிழை இருந்தால் பிழை. டாஷ்போர்டின் உச்சியில் 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று பெரிய எழுத்தில் வரும். காலை 5.30க்குள் புது வரி விழாவிட்டால் இரண்டு பேருக்கு மின்னஞ்சல் போகும். அந்தச் சோதனையை வேறு இடத்திலிருந்து ஓடவைத்தோம்; எக்ஸ்போர்ட் ஓடும் அதே சர்வர் விழுந்தால் அதுவும் சேர்ந்தே விழுந்துவிடக் கூடாதே.

விட்டுப்போன நாட்களை நிரப்ப எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஏ.பி.ஐ சாவியைப் புதுப்பித்ததும் அடுத்த ஓட்டம் கடைசியாகச் சரியாக முடிந்த நேரத்திலிருந்து தானே எடுத்துக்கொண்டது.

## இரண்டாவது கடைக்கு எடுத்துப்போனது

சாயல்குடிப் பக்கம் பனையோலைப் பெட்டியும் கருப்பட்டியும் விற்கும் இன்னொரு குழு இதைப் பார்த்துவிட்டுக் கேட்டது. அவர்கள் கடை ஷாப்பிஃபை என்ற வேறொரு இணையக் கடைச் சேவையில். எது அப்படியே நகர்ந்தது, எது நகரவில்லை என்பது இங்கேதான் தெளிவானது.

சாவி வைத்து மேலெழுதுவது, மூன்று அடுக்குத் தாள், ஓட்டப் பதிவு, எச்சரிக்கை, விவரம் கழற்றுவது எல்லாம் அப்படியே போயின. ஏனென்றால் கடைக்குக் கடை மாறுவதை எல்லாம் ஒரே அமைப்புக் கோப்பில் வைத்திருந்தோம்: கடை வகை, முகவரி, நேர மண்டலம், ஓடும் நேரம், எத்தனை நாள் பின்னோக்கி, நிலைப்பெயர்ப் பட்டியல், அலகு. தேதியை எங்கேயும் நேரடியாக எழுதவில்லை. 'கடைசி ஓட்டத்திலிருந்து' என்றே இருக்கும். ரகசியச் சாவி மட்டும் சர்வரில் தனியாக.

நகராதது ஆர்டர் நிலை. வூகாமர்ஸில் ஒரே நிலைதான். ஷாப்பிஃபையில் பணம் வந்த நிலை வேறு, சரக்கு அனுப்பிய நிலை வேறு. இரண்டையும் பணம் வந்ததா, சரக்கு போனதா, திரும்பியதா என்ற மூன்று கேள்விக்கான பதிலாக மாற்றும் சின்னப் பட்டியல் ஒன்று எழுத வேண்டியிருந்தது. டாஷ்போர்டு அந்த மூன்று பதிலை மட்டும் பார்க்கிறது. இன்னொன்று: ஷாப்பிஃபை ஏ.பி.ஐ சாதாரண அனுமதியில் கடைசி 60 நாள் ஆர்டரை மட்டுமே தரும். பழைய வருடங்களை நிர்வாகப் பக்கத்திலிருந்து ஒரு தடவை சி.எஸ்.வி-யாக இறக்கி முதல் தாளில் ஏற்றினோம். அந்தக் கோப்பிலும் பல பொருள் உள்ள ஆர்டர் பல வரியாகத்தான் வரும். ஆனால் மொத்தத் தொகை முதல் வரியில் மட்டும் இருக்கும். முதல் கடையில் இருந்ததற்கு நேர்மாறு.

## விளைவும் மீதமிருப்பதும்

நெத்திலி தடைக்காலம் முடியும் வரை கடையில் இருந்தது. வாளை மட்டும் இன்னும் கொஞ்சம் தேங்கிக் கிடக்கிறது. அது பழைய கணக்கை நம்பி வாங்கிய சரக்கு. ரிட்டன் எந்த வட்டாரத்திலிருந்து அதிகம் வருகிறது என்று தெரிந்ததும், அங்கிருந்து வரும் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்களுக்கு அனுப்பும் முன் போன் போட்டு உறுதி செய்கிறார்கள். கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்திவிடலாம் என்றும் பேச்சு வந்தது. வயதானவர்கள் பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்று குழு மறுத்துவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மாதப் பிறப்பில் அக்காவின் ஒரு நாள் முழுக்கத் தின்ற கோப்பு வேலை இப்போது இல்லை.

மறுபடி தொடங்கினால் வரிசையை மாற்றுவேன். குறியீட்டுப் பட்டியலை முதலிலேயே முடித்துவிட்டு அப்புறம் எக்ஸ்போர்ட்டைத் தொடுவேன். ஓட்டப் பதிவு முதல் நாளே இருக்க வேண்டும். தடைக்காலம் போன்ற மந்தமான மாதம் வரும் கடைக்கு அது கட்டாயம். அமைப்புக் கோப்பைப் படிக்கத் தெரிந்த ஒருவர் குழுவுக்குள்ளேயே வேண்டும். அக்காவின் மகள் இப்போது கற்றுக்கொள்கிறாள்.

தீராமல் இருப்பது வாட்ஸ்அப் ஆர்டர். தெரிந்தவர்கள் நேரே செய்தி அனுப்பி வாங்குகிறார்கள், அது கடைக் கணக்கில் வருவதில்லை, ஆனால் மூட்டையில் குறைகிறது. அந்த ஆர்டர்களைக் கடையின் நிர்வாகப் பக்கத்தில் கையால் பதியச் சொல்லி, 'வாட்ஸ்அப்' என்று ஒரு அடையாளமும் கொடுத்திருக்கிறோம். வேலை மும்முரமான நாட்களில் விட்டுப்போகிறது. அதனால் சனிக்கிழமைதோறும் மூட்டையை நிறுத்துப் பார்த்து இருப்பைத் திருத்துகிறார்கள். அந்த எடைக்கும் கணக்குக்கும் உள்ள இடைவெளியை ஓட்டப் பதிவுக்குப் பக்கத்திலேயே ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறோம்.